என் தழும்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுத் தந்த ஸ்டூடியோ

என் மார்புப் புற்றுநோய்க் காலத்தைப் படமெடுத்து அல்பமாகத் தந்த ஸ்டூடியோவுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம். குறைந்த அந்த ஒன்றுக்குக் காரணம் என் தழும்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டூடியோவின் பெயரை எழுதப் போவதில்லை. நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன். திருகோணமலை சின்ன ஊர், நாளைக் காலையில் மரக்கறிச் சந்தையில் அதை நடத்துகிற தம்பியின் முகத்தில் விழிக்க வேண்டும். நகருக்குள் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று ஓடித் திரிகிற ஒரு சாதாரண ஸ்டூடியோ, அவ்வளவுதான். என் மூத்த மகளின் சாமத்திய வீட்டுக்கும் இவர்கள்தான் படம் எடுத்தார்கள். அந்த அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் என் பிள்ளை கோணேசர் கோயில் கோபுரத்துக்கு மேலே, மேகத்துக்குள் நிற்பாள். தலையைச் சுற்றி நாலு புறா பறக்கும். அதைப் பார்த்த பிறகும் திரும்பப் போனேன் என்றால், வீட்டுக்குக் கிட்ட இருந்த ஸ்டூடியோ அது ஒன்றுதான் என்பதால்தான்.

எனக்கு 51 வயது. உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். போன வருடம் தைப்பொங்கலுக்கு முதல் நாள் தலை முழுகும்போது இடது மார்பில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. கடலை அளவு. நோகவில்லை. நோகாததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று மூன்று கிழமை சும்மா இருந்தேன். கணக்குப் படிப்பிக்கிறவள் போட்ட பிழைக் கணக்கு அது. மார்பில் வருகிற புற்றுக்கட்டி பெரும்பாலும் முதலில் நோகாது என்பதை ஸ்கானுக்குக் காத்திருந்த வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாதான் சொன்னார். அப்புறம் ஸ்கான், மமோகிராம், ஊசி குத்திச் சதை எடுத்தது, ரிப்போர்ட். இலங்கையில் பெண்களுக்கு ஆகக் கூடுதலாக வருகிற புற்றுநோய் இதுதான் என்று எத்தனையோ சுவரொட்டியில் வாசித்திருக்கிறேன். வாசித்து என்ன.

படம் எடுக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது? எங்கள் பெரியம்மாவால். 97இல் அவர் இதே நோயில் போனார். நோய் வந்த பிறகு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. வீட்டில் அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், 'அந்த வருத்தம்' என்பார்கள். அவருக்கு என்ன செய்தார்கள், எங்கே வெட்டினார்கள், தலைமுடி கொட்டியதா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. சுவரில் தொங்குவது 40 வயதுப் பெரியம்மா, காஞ்சிபுரம் உடுத்து, மாலை போட்டு. டொக்டர் என்னிடம் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, எந்த வயதில், ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று கேட்டபோது நான் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நாளைக்கு அவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்பார்கள்.

இளைய மகள் போனில் தேடி மூன்று பேரைக் காட்டினாள். அமெரிக்காவில் மட்டூஷ்கா என்று ஒரு மொடல், கலைஞரும்கூட. ஒரு மார்பை எடுத்த பிறகு, வெள்ளை உடுப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தழும்பு தெரியத் தன்னைத் தானே படம் எடுத்தார். 1993 ஆகஸ்டில் அது நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழின் அட்டையில் வந்தது. இங்கிலாந்தில் ஜோ ஸ்பென்ஸ் என்ற படப்பிடிப்பாளர் 1982இலேயே, ஒப்பரேஷனுக்கு முன்பு, இது யாருடைய சொத்து என்று கேட்பதுபோல மார்பில் எழுதிவைத்துப் படம் எடுத்திருக்கிறார். மூன்றாவது ஒரு கணவர், அஞ்சலோ மெரென்டினோ. மனைவிக்கு நோய் வந்த பிறகு, 2011இல் அவர் இறக்கும்வரை கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு நான் என் கணவரைப் பார்த்தேன். இவர் நல்ல மனிதர், ஆனால் படம் எடுத்தால் எல்லோருடைய தலையையும் வெட்டிவிடுவார். சரி, காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவானது.

ஸ்டூடியோவுக்குப் போனால், தம்பி பற்றுச்சீட்டுக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ரீச்சர், என்ன ஃபங்ஷன்?" என்று கேட்டார். கொப்பியில் கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள், அந்தியேட்டி, வேறு என்று அச்சடித்துக் கோடு போட்டிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு 'வேறு' என்ற இடத்தில் சரி போட்டு, திகதி எப்போது என்றார். அழவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, 'உங்களுக்கு ஒன்றும் ஆகாது ரீச்சர்' என்ற வசனமும் வரவில்லை. அந்த ஒரு கிழமைக்குள் அந்த வசனத்தை முப்பது பேராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அங்கேயே அரைவாசிப் பயம் போய்விட்டது. முதல் நட்சத்திரம் அதற்கு.

இரண்டாவது நட்சத்திரமும் மூன்றாவதும் அங்கே வேலை செய்கிற பிள்ளைக்கு. பக்கத்து ஊரான கிண்ணியாப் பிள்ளை, 26 வயது இருக்கும். முஸ்லிம் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு ஆண்கள் கமராவோடு போக முடியாது. அதற்காகவே இவளைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வேலையில் அவளுக்கு ஒரு ஒழுங்கு பழகியிருக்கிறது. படம் எடுத்து முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றிப் பெண்ணின் தாயின் கையில் கொடுப்பாள். தாய் பார்த்து, இது வேண்டாம், இது வேண்டாம் என்று அழித்த பிறகுதான் மிச்சம் ஸ்டூடியோவுக்கு வரும். என்னிடமும் அப்படியே செய்தாள். நான் கேட்கவே இல்லை. முதல் நாள் கார்டை என் உள்ளங்கையில் வைத்து, "பார்த்துப் போட்டுக் கொடுங்க ரீச்சர், அவசரம் இல்ல" என்றாள். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் முன்னால் சட்டையைக் கழற்றியிருப்பேன், மாணவ டொக்டர்மார் உட்பட. என்னைப் பார்ப்பதற்கான உரிமையை என் கையில் திரும்பத் தந்தவள் இவள் ஒருத்திதான்.

இருந்தாலும் நான் ரீச்சர் அல்லவா, ஒரு அரைத் தாளில் ஐந்து நிபந்தனை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். கடைக் கண்ணாடியில் வைக்கக் கூடாது. முகநூலில் போடக் கூடாது. மார்பு தெரிகிற படம் பிள்ளை மட்டும்தான் எடுக்க வேண்டும், தம்பி வெளியே. ஆஸ்பத்திரியில் வேறு நோயாளிகள் விழக் கூடாது. எல்லாம் முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட வேண்டும். இப்படி யாராவது படம் எடுக்கப் போனால் இந்த ஐந்தையும் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், வேறு ஸ்டூடியோவாக இருந்தாலும்.

முதல் படப்பிடிப்பு ஒப்பரேஷனுக்கு வாட்டில் சேருவதற்கு முதல் நாள் பின்னேரம், எங்கள் வீட்டில். சாமி அறைக்குப் பக்கத்து அறை, மேற்குப் பக்க ஜன்னல். தம்பி விறாந்தையில் மாமியோடு இருந்து தேத்தண்ணீர் குடித்தார். பிள்ளை கதவைச் சாத்திவிட்டு, எப்படி நிற்க விருப்பம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். 25 வருடமாகக் கண்ணாடியில் நெற்றிப் பொட்டைத் தவிர வேறெதையும் ஆறுதலாகப் பார்த்ததில்லை. கடைசியில், இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தபோது இருந்த அதே கதிரையில் இருந்தேன். எட்டுப் படம். அதில் இரண்டை அழித்தேன். ஆறு இருக்கிறது.

ஒரு படம் தவறிப்போனது. ஒப்பரேஷன் அன்று காலையில், பக்கம் மாறிவிடக் கூடாது என்று டொக்டர் மார்க்கர் பேனையால் இடது பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டார். கரும்பலகையில் நான் எத்தனை ஆயிரம் அம்புக்குறி போட்டிருப்பேன். என் மேலேயே ஒன்று. வாட்டுக்குள் போன் எடுக்க விடவில்லை. அது சரியான சட்டம்தான், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் மானம் உண்டு. என்றாலும் அந்த அம்புக்குறி என் மனதில் இன்னும் கிடக்கிறது.

இரண்டாவது முறை வந்தபோது நான் வடிகுழாயோடு வீட்டில் இருந்தேன். மார்பையும் கக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்த பிறகு உள்ளே ஊறுகிற நீரை வெளியே கொண்டுவர ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு போத்தலும் வைத்து அனுப்புவார்கள். அதை எங்கே கொண்டு திரிவது? மாமி, மகளின் பழைய பாவாடைத் துணியில், மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை, தோளில் மாட்டுகிற ஒரு பை தைத்துத் தந்தார். என்னோடு 24 வருடமாகப் பெரிதாகக் கதைக்காத மாமி. அந்தப் பையை மாட்டிக்கொண்டு நான் குசினியில் தேங்காய்ப்பூவுக்கு வலது கையை மட்டும் நீட்டுகிற படம் ஒன்று இருக்கிறது. அல்பத்தில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான். தம்பி எடுத்தது. குசினி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குந்தியிருந்து, நான் கவனிக்காத நேரத்தில் எடுத்திருக்கிறார்.

அதே நாளில் இன்னொரு படம், என் சீ.ஆர். கொப்பி. தினமும் காலையில் போத்தலில் எத்தனை மில்லிலீட்டர் என்று அளந்து எழுத வேண்டும். நான் சும்மா எழுதுவேனா, வரைபுத்தாள் ஒட்டி, கிடை அச்சில் நாள், நிலைக்குத்து அச்சில் மில்லிலீட்டர். 140, 115, 90, 95, 70. நாலாம் நாள் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்காமல் உடுப்புத் தோய்த்தேன். 30க்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து நின்றால் குழாயை எடுப்போம் என்றார்கள். 12ஆம் நாள் எடுத்தார்கள். தம்பி அந்த வரைபை மேலிருந்து, நிழல் விழாமல், அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறார். இதை இனி வகுப்பில் காட்டலாம் என்று யோசிக்கிறேன்.

கீமோவுக்கு வருவோம். முதல் நாலு முறை சிவப்பு மருந்து. ஊசிக் குழாயில் சர்பத் மாதிரித் தெரியும், அன்று போகிற சிறுநீரும் சிவப்பாகத்தான் போகும். முதலே சொல்லியிருந்தபடியால் பயப்படவில்லை. வாட்டுச் சிஸ்டரிடம் அனுமதி கேட்டு என் கையை மட்டும் போனில் எடுத்தேன். தலைமுடி 17ஆம் நாள் கொத்தாகக் கையோடு வந்தது. அன்றைக்கே ஸ்டூடியோவுக்கு அடித்தேன், ஒரு மணித்தியாலத்தில் இருவரும் வந்தார்கள். கலியாண வீடொன்றை உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்தார்கள் என்று பிறகுதான் தெரியும். முற்றத்தில் என் கணவர் ட்ரிமரால் மழித்தார், கை நடுங்கி ஒரு இடத்தில் கீறியும் விட்டார். விழுந்த முடியை மகள் சுளகில் அள்ளினாள். சுளகு நிறைய முடி, அதன் மேல் முருங்கைப் பூ இரண்டு விழுந்திருக்கிற படம் ஒன்று. பூவை யாரும் எடுத்துப் போடவில்லை, நான் சத்தியம் பண்ணுவேன். இவர்களின் பழைய தொழிலை வைத்துப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

மொட்டைத் தலையோடு தெருவில் இறங்கினால் எங்கள் ஊரில் வேறு பிரச்சினை. "ரீச்சர், கோணேசருக்கு நேர்த்தியோ?" என்று நாலு பேர் கேட்டார்கள். இரண்டு பேருக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது கீமோ முடிந்த மூன்றாம் நாள் வருவதாக ஒப்பந்தம். அன்று நான் எழும்பவே இல்லை. தாளிதம் மணத்தால் குடலைப் பிரட்டும், செவ்விளநீர் மட்டும் இறங்கும். தம்பி வந்து அறை வாசலில் கதிரை போட்டு ஒரு மணித்தியாலம் இருந்தார். கமரா பைக்குள்ளேயே கிடந்தது. போகும்போது ஒரே ஒரு படம் எடுத்தார். கட்டிலுக்குக் கீழே நீலப் பேசின், அதற்குப் பக்கத்தில் என் கணவர் கழற்றிப் போட்ட செருப்பு. நான் படத்திலேயே இல்லை. அதற்கும் முழுக் காசு எடுத்தார். கொடுக்கத்தான் வேண்டும்.

இனிக் குறை.

ஐப்பசி பிறக்கும் நேரம், ஒக்டோபர் மார்புப் புற்றுநோய் மாதம் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. விடியப்புறம் பிரட்றிக் கோட்டைக்கு வரச் சொன்னார். இளஞ்சிவப்புச் சேலை உடுக்க வேண்டுமாம். கையில் பிடிக்க இளஞ்சிவப்பு ரிப்பன், கலியாணக் காருக்குக் கட்டி மிஞ்சியது, இரண்டு முழம். கோட்டைக்குள் இருக்கிற சுவாமி மலையில் சூரியன் கிளம்பும்போது கையை விரித்து நிற்க வேண்டும், ட்ரோன் பறக்கும். நான் நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது, ஒரு பொம்மைபோல நின்றேன். இடது கையை அந்த உயரத்துக்குத் தூக்கினால் கக்கத்தில் நாண் இழுப்பதுபோல இழுக்கும். சிரியுங்கோ ரீச்சர் என்கிறார். அந்த நேரத்தில் கோட்டை மான் ஒன்று பின்னால் வந்து ரிப்பனின் நுனியை மெல்லத் தொடங்கியது. அங்கே உள்ள மான்கள் ஆட்களுக்குப் பழகியவை, கச்சான் பையைக்கூட விடாது. நான் ரிப்பனைப் பறிக்க, அது இழுக்க, பிள்ளை சிரித்துக்கொண்டே எடுத்தாள். அன்றைக்கு எடுத்த 60 படத்தில் அல்பத்துக்குப் போனது அந்த மான் படம் மட்டும்தான்.

அல்ப மாதிரியைப் பார்த்தபோது அந்தப் பக்கத்துக்கு மேலே பெரிய எழுத்தில் 'புற்றுநோய்ப் போராளி' என்று போட்டிருந்தார். எடுக்கச் சொன்னேன். ஏன் ரீச்சர், எல்லா இடமும் அப்படித்தானே போடுகிறார்கள் என்றார். தம்பிக்கு 30 வயதுதான், ஆனாலும் இந்த மண்ணில் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தாய்மார் இருக்கிறார்கள், அந்தத் தாய்மாரில் இரண்டு பேர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். நான் கட்டிலில் கிடந்தேன், ஊசி போட்டார்கள், சத்தி எடுத்தேன். அதற்கு அந்தச் சொல்லை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அழித்தார். அதன் இடத்தில் திகதி மட்டும் இருக்கிறது.

இனித் தழும்பு. ஒப்பரேஷன் முடிந்து நாலு மாதத்தில் பிள்ளை எடுத்தாள், அதே அறை, அதே கதிரை. முன்னால் இருந்து ஃபிளாஷ் அடித்தால் தழும்பு வெறும் கோடாகத்தான் விழும் என்று சொல்லி, என்னை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பினாள். பூச்சு சரியா என்று பார்க்க மேசன் சுவரோரமாக டோர்ச் அடிப்பாரே, அந்த மாதிரி. அப்போதுதான் மேடும் பள்ளமும் தெரியும். நெஞ்செலும்புக்குக் கிட்டத் தொடங்கிக் கக்கம்வரை ஒரு சாண். தையல் விழுந்த இடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. வெளிப்பக்க நுனியில் கொஞ்சச் சதை மடிந்து நிற்கும், வடிகுழாய் போன துளையும் ஒரு பொட்டாக இருக்கும். கமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது அழவில்லை. ஓ, இவ்வளவுதானா என்று இருந்தது. தொட்டுப் பார்க்கப் பயந்த இடத்தைப் படத்தில் பார்க்கப் பயம் வரவில்லை.

மூன்று கிழமை கழித்து அச்சடித்த அல்பம் வந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன், தழும்பு இல்லை. இருக்கிறது, ஆனால் பென்சிலால் கீறின மாதிரி ஒரு மெல்லிய கோடு. தையல் புள்ளி இல்லை, மடிப்பு இல்லை, குழாய்த் துளை இல்லை. தோல் முழுக்கப் பால்கோவா மாதிரி. முகத்தில் கீமோவுக்கு வந்த கறுப்புப் படையும் போய்விட்டது. உதட்டில் சாயம்வேறு. என்ன நடந்தது என்றால், படங்களைத் திருத்துகிற பையன், கலியாணப் படங்களுக்குச் செய்கிற அதே வேலையைப் பழக்கத்தில் இதற்கும் செய்திருக்கிறான். பிள்ளை கையில் கார்டைத் தந்தாள், ஆனால் திருத்துகிற மேசைக்கு அந்த ஒழுங்கு போகவில்லை. என் ஐந்து நிபந்தனையிலும் அதை எழுதவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. ஆகவே ஆறாவதாக எழுதிக்கொள்ளுங்கள்: தோலில் கை வைக்கக் கூடாது. இதைவிடப் பெரிய விஷயம், அந்தப் படத்தை ஒரு ஆண் பையன் திரையில் பெரிதாக்கி வைத்துத் திருத்தியிருக்கிறான். மூன்றாவது நிபந்தனை எடுப்பதைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. சட்டத்தரணிமாரிடம் கொடுத்திருக்க வேண்டும் போல.

அல்பத்தை எடுத்துக்கொண்டு வெயிலோடு போனேன். கடையில் இரண்டு கலியாணப் பகுதி நின்றது. சத்தம் போடவில்லை. வாங்கில் இருந்து, ஆட்கள் போகும்வரை காத்திருந்து, பக்கத்தைத் திறந்து காட்டி, "தம்பி, இது யாருடைய நெஞ்சு?" என்று கேட்டேன். தம்பிக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது, அழுதாள். திருத்தின பையனைக் கூப்பிட்டார்கள், அவன் பாவம், "வடிவா இருக்கட்டும் எண்டுதான் ரீச்சர்" என்றான். என் பழைய மாணவன். சாதாரண தரத்தில் கணிதத்தில் எஸ், அதாவது சாதாரண சித்தி மட்டும், எடுத்தவன். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை.

பதினாறு பக்கத்தைத் திரும்ப அச்சடித்தார்கள், காசு எடுக்கவில்லை. இந்த முறை பிள்ளையே மேசையில் இருந்து, ஒளியை மட்டும் கூட்டிக் குறைத்து, நான் பக்கத்தில் இருந்து பார்க்கச் செய்தாள். தம்பி அதைக் கறுப்பு வெள்ளையில் போடலாம் என்றார். கலராகவே போடச் சொன்னேன். கறுப்பு வெள்ளையில் எல்லாம் கௌரவமாகத்தான் தெரியும், ஆனால் தழும்பின் நாவல் நிறம் போய்விடும், மாமியின் பையில் மஞ்சளும் போய்விடும். திருத்தம் முடிந்து கையில் வர இன்னும் ஐந்து கிழமை. முகூர்த்த மாதம் என்று காரணம் சொன்னார்கள். அந்த இடத்தில்தான் ஐந்தாவது நட்சத்திரம் போனது.

கதிர்ச் சிகிச்சை கொழும்புக்குக் கிட்ட, மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில். 15 நாள், சனி ஞாயிறு இல்லை, ஆக மூன்று கிழமை. இரவு ரயிலில் போய், வெள்ளவத்தையில் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் நின்றேன். ஸ்டூடியோக்காரர் அங்கே வர முடியாது, வந்தாலும் மெசின் அறைக்குள் விட மாட்டார்கள். தம்பி வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: "ரீச்சர், ஃபிளாஷ் போடாதீங்கோ. ஜன்னலுக்குப் பக்கத்தில நில்லுங்கோ. முதல்ல லென்ஸைத் துணியால துடையுங்கோ, எல்லாருடைய போனிலயும் எண்ணெய்தான்." துடைத்துப் பார்த்தேன், உலகமே தெளிந்துவிட்டது. கதிர் எங்கே விழ வேண்டும் என்று நெஞ்சில் பேனையால் கோடும் பெருக்கல் குறியும் போட்டிருந்தார்கள், தேய்த்துக் குளிக்கக் கூடாது. அம்புக்குறியைத் தவறவிட்டவளுக்கு இது கிடைத்தது. தங்கச்சி வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் நானே எடுத்தேன். கை ஆடியிருக்கிறது, ஒரு ஓரத்தில் மச்சானின் சவர பிரஷ் தெரிகிறது. அல்பத்தில் முழுப்பக்கத்தில் அதுவும் இருக்கிறது, ஓரத்தை வெட்டாமல்.

கணக்கு: ஏழு முறை வந்து எடுத்ததற்கு 42,000 ரூபாய், 40 பக்க அல்பம் 18,500. மொத்தம் 60,500. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனும் கீமோவும் கதிரும் இலவசம் என்பதால்தான் இதை யோசிக்க முடிந்தது. வீண் செலவு என்று இவருடைய அக்கா சொன்னார். அவரே பிறகு அல்பத்தை இரண்டு மணித்தியாலம் மடியில் வைத்திருந்தார். காசு குறைவாக இருந்தால் அல்பம் வேண்டாம், ஏழு முறையும் வேண்டாம், மூன்று போதும்: ஒப்பரேஷனுக்கு முன்னால் ஒன்று, குழாயோடு ஒன்று, தழும்பு காய்ந்த பிறகு ஒன்று. ட்ரோனுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கிளினிக்குக்கு ஒருநாள் அல்பத்தைக் கொண்டுபோனேன், டொக்டருக்குக் காட்ட. நம்பர் வரும்வரை வாங்கில் இருந்தபோது மூதூரில் இருந்து வந்த ஒரு தாய், அடுத்த கிழமை ஒப்பரேஷனாம், எட்டிப் பார்த்தார். கொடுத்தேன். தழும்புப் பக்கத்தில் நிற்பார் என்று நினைத்தேன், சட்டென்று புரட்டிவிட்டார். குசினிப் படத்தில் நின்றார். "இந்தப் பை எங்க வாங்கின?" என்றார். தைத்தது என்றேன். வார் எத்தனை சாண், போத்தல் வெளியே சரியாதா, குளிக்கும்போது எங்கே மாட்டுவது என்று கேட்டுக்கொண்டே போனார். பக்கத்து வாங்கில் இருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். என் வரைபையும் காட்டினேன், அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பை இப்போது மூதூரில் இருக்கிறது.

அல்பத்தின் கடைசிப் படம் மேசையில் ஒரு தமொக்சிஃபென் அட்டை, நோய் திரும்பாமல் இருக்கத் தருகிற குளிசை, ஒன்று எடுத்த ஓட்டையோடு. தினம் 20 மில்லிகிராம், ஐந்து வருடம். அதற்குப் பிறகு ஒரு வெறும் பக்கம் விட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றுதான் விட்டதா, பக்கக் கணக்குப் பிழைத்ததா என்று கேட்கவில்லை.

போகிறவர்கள் கவனிக்க: வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், பிள்ளை இருக்க மாட்டாள். முகூர்த்த மாதங்களில் போன் எடுக்க மாட்டார்கள், நேரில் போங்கள். ஐந்தாவது நிபந்தனைப்படி எல்லாவற்றையும் என் முன்னாலேயே அழித்தார்கள், பிரதி என்னிடம் இரண்டு பென்டிரைவில் இருக்கிறது, மகளுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. பிள்ளைக்கு வருகிற வருடம் கலியாணமாம். அதற்குப் பிறகும் வேலைக்கு வருவேன் என்கிறாள். உன்னுடைய கலியாணத்துக்குப் பெண்கள் பக்கத்தில் யார் படம் எடுக்கிறது என்று கேட்டேன். "அதான் ரீச்சர் எனக்கும் யோசனை" என்றாள்.